கொளுத்திப் பார்த்த மாத்திரை

எய்ட்ஸ் முற்றியவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

பனியன் கம்பெனி வீரணனுக்கா தெரியாது? நூலைக் கொளுத்தி முகர்ந்தே கலப்படத்தைச் சொல்லிவிடுபவன் அவன். மனைவி செல்லத்தாயின் மாத்திரையைக் கொளுத்தினான். சர்க்கரை கருகும் வாசம் வந்தது. பக்கத்து வார்டு ராஜ்கமலின் மாத்திரையோ மூக்கை எரித்தது.

"மாத்திக் குடுறா!"

"மாட்டேண்ணே. நானும் பொழைக்கணும்ல?"

வீரணன் ஸ்டூலைத் தூக்கி அவன் மண்டையில் போட்டான். ரத்தம் தலையணையை நனைக்க, கழுத்தில் கத்தரிக்கோலை அழுத்தினான்.

"வெளிய மூச்சு விட்டே, குடலை உருவிருவேன்."

வழுக்கி விழுந்ததாகச் சொல்லி ராஜ்கமல் தையல் போட்டுக்கொண்டான். மாத்திரைகள் தினமும் கை மாறின.

பத்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துச் செல்லத்தாய் செத்துப்போனாள். டாக்டர் பதறி ஓடிவந்தார்.

"அந்த மருந்து ஈரலை அரிச்சுக் கொல்லுதுங்க, சோதனையவே நிறுத்தி, பூட்டிவெச்ச லிஸ்ட்டைப் பிரிச்சாச்சு. ஆனா அதுல உங்க சம்சாரத்துக்கு வெறும் மாத்திரைதானுங்களே?"

கட்டுப்போட்ட தலையோடு ராஜ்கமல் வந்து வீரணனின் காலைக் கட்டிக்கொண்டான்.

"சாமி மாதிரி வந்து அடிச்சீங்கண்ணே. இல்லாட்டி நான்ல செத்திருப்பேன்!"