மஞ்சள் லாரியின் வால்

நெடுஞ்சாலையில் ஏறியதுமே அவளுக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு பறந்தது.

"மூச்சு விடும்மா. நீ விடலைன்னா எனக்கும் சேர்த்து அடைக்குது" என்றான் கணவன்.

"பேசாம வாங்க. முன்னாடி போற மஞ்சள் லாரி அறுபதத் தாண்டல. அது வாலப் புடிச்சுக்கிட்டே போயிடலாம்."

"இந்த வேகத்துல போனா அக்கா வீட்டுச் சாப்பாடு ஆறிடும்."

"ஆறட்டும். முழுசாப் போய்ச் சேரணும்ல?"

ஒரு மணி நேரம் லாரி பிரேக் போட்டால் அவளும் போட்டாள். டீக்கடையில் அது ஒதுங்கியதும் அவளும் ஒதுங்கினாள்.

"ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் இறங்குவதற்குள் லாரி டிரைவரே ஓடி வந்தான்.

"ரொம்ப நன்றி மேடம்! லாரியோட ஹைவேக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். கைகால் உதறல். கண்ணாடியில உங்க வண்டியப் பாத்ததும்தான் உயிரே வந்துச்சு. தப்புப் பண்ணினா ஹாரன் அடிச்சுச் சொல்லிடுவீங்கன்னு ஒரு தைரியம்."

"நானா?"

அவன் அவளுடைய கார் கூரையைக் காட்டினான். பத்து வருடமாகத் தெருக்களிலேயே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், கிளம்பும் அவசரத்தில் கழற்ற மறந்த பலகை அங்கே நிமிர்ந்து நின்றது: 'டிரைவிங் ஸ்கூல். உங்கள் பயத்துக்கு நாங்கள் பொறுப்பு.'

கணவன் சிரிப்பை அடக்க இருமினான்.

"இன்னும் எதுவரைக்கும் மேடம் பின்னாடி வருவீங்க?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நீங்க எதுவரைக்கும் போறீங்க?"