சுவரில் பச்சை வானம்

“நாட்டை விட்டு வெளிய போனா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவேன், திரும்பி உள்ள வர முடியாது இனியன். எங்கப்பாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட முடியல.”

மணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி தென்றல் டம்ளரை நங்கென்று வைத்தாள்.

துக்கம் கேட்கப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த இனியன் உடைந்து அழுதான். போன வருஷம் இதே விசா சிக்கலால் ஊருக்குப் போக முடியாமல், தன் அம்மாவின் காரியத்தை அவன் வீடியோவில்தான் பார்த்தான்.

“என் நெலமை எவனுக்கும் வரக்கூடாதுன்னு நெனச்சேன் மச்சி. உனக்கும் வந்துடுச்சே!”

“நம்ம தலையெழுத்துடா.”

மணியன் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அதைத்தான் தென்றலால் சகிக்க முடியவில்லை.

இனியன் மூக்கை உறிஞ்சியபடி நிமிர்ந்தான். சுவரில் புதிதாக ஒரு படம். இருண்ட கடலுக்கு மேல் பச்சைப் புடவையை உதறிப் போட்டதுபோல் வானம்.

“நார்தர்ன் லைட்ஸா? அலாஸ்கா க்ரூஸ் போனீங்களா?”

“ஆமா, அலாஸ்காதான். எப்பவோ எடுத்தது,” என்றான் மணியன் அவசரமாக.

தென்றல் இனியனுக்கு மட்டும் காபியை நீட்டினாள்.

“நார்வேங்க. போன மாசம் எடுத்தது. மாமா போயிட்டார்னு இவர் தம்பி ஃபோன்ல அழுதப்ப, ‘வெளிச்சம் போயிடும், அப்புறம் பேசறேன்’னு கட் பண்ணிட்டு எடுத்தாரே, அந்தப் படம்.”