மிளகு மண்டிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைத் திருடிவிடுவது என்று சென்றாயன் முடிவு செய்தது, கந்தப்பன் முதலாளி அந்த ஒரு பேச்சைப் பேசிய பிறகுதான்.

"தை பொறந்தா நீ மறுபடி மூட்டைக்கே போயிரு, சென்றாயா. சீட்டு எழுதறதுக்குத்தான் மிஷின் வந்திருச்சே."

அது 1999 மார்கழி. மலைமேல் அரியூர் நாட்டு மிளகு மண்டியில் பாதி ஆயுசுக்கு மூட்டை சுமந்தவன் சென்றாயன். வயசான பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்து, எடைச்சீட்டு எழுதும் வேலைக்கு வந்தவன். முதுகு கொஞ்சம் நிமிர்ந்த நேரம் பார்த்து நாமக்கல்லிலிருந்து கம்ப்யூட்டர் வந்தது. அதை ஓட்ட அர்த்தனாரியும் வந்தார்.

அர்த்தனாரிக்குக் கண் தெரியாது. விரலால் ஒரு கட்டளையைத் தட்டி என்டரை அழுத்துவார். உடனே மிஷினிலிருந்து ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் போல ஒரு குரல் பதில் படிக்கும். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்ததைத் தட்டுவார். அவருக்கு எதற்கு வெளிச்சம் என்று அந்த அறை பல்பை முதலாளி கழற்றிக்கொண்டார். உள்ளே எந்நேரமும் இருட்டு.

புதன்கிழமை மதியம் முதலாளி சாப்பிடப் போனார். அர்த்தனாரி கை கழுவப் பின்பக்கம் போனார். சென்றாயன் இருட்டில் தடவி, மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரை ஒயர் பிடுங்கிச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினான். மூட்டை சுமந்து போகும் சென்றாயனை அந்த ஊரில் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? வீட்டில் மரவள்ளிக் குச்சிக் கட்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தான்.

மறுநாள் மண்டியே ரெண்டுபடும் என்று நினைத்து வந்தான். முதலாளி வழக்கம்போல் டீ வாங்கி வரச் சொன்னார். அர்த்தனாரி சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னார். இருட்டறைக்குள் அந்த ஜலதோஷக் குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

சென்றாயன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ராத்திரிக்குள் மலைப்பாதையில் இத்தனை வளைவு ஏறிப் புதுசு வந்திருக்க முடியாது. அப்படியென்றால் ஏதோ ஏற்பாடு. எல்லாம் தெரிந்தே, தானாக வந்து மாட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குரல் இங்கிலீஷில் போலீசுக்குப் புகார்தான் சொல்கிறதோ என்றுகூடத் தோன்றியது.

சனிக்கிழமை சாக்கைத் தூக்கி வந்து அர்த்தனாரியின் காலடியில் இறக்கினான்.

"கொண்டாந்துட்டேனுங்க சார். போலீசுக்கு மட்டும் போயிராதீங்க. இனி மூட்டை தூக்க ஒடம்புல தெம்பில்லீங்க, அதான் புத்தி கெட்டுப்போச்சு."

அர்த்தனாரிக்கு ஒன்றும் புரியவில்லை. சென்றாயனை மூட்டைக்கு அனுப்பக் கூடாது, தராசு முள்ளைப் பார்த்துச் சொல்ல எழுத்துத் தெரிந்த ஆள் தன் பக்கத்தில் வேண்டும் என்று அவர் திங்கட்கிழமையே கேட்டு, முதலாளியும் சம்மதித்துவிட்டாராம்.

"அது கெடக்கட்டும். அப்படி எதைத்தானுங்ணா எடுத்துட்டுப் போனீங்க?"

"கம்ப்யூட்டரைத்தானுங்க."

"கம்ப்யூட்டர் மேசைக்கு அடியிலதானே இருக்குது?"

அர்த்தனாரி குனிந்து சாக்குக்குள் கைவிட்டார். வழவழவென்று கண்ணாடி தட்டுப்பட்டது. மற்றொரு கையால் மேசைமேல் துழாவினார். காலியாக இருந்தது.

"அட, எழுத்தைக் காட்டற பொட்டியா? இதை நான் போட்டதே இல்லீங்ணா. காணாமப் போனதே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது."