ஐம்பது நிமிடத் தாமதம்

மாலை வகுப்பில் கண்ணுச்சாமி சார் எங்கள் தாள்களை எங்களுக்குள்ளேயே மாற்றித் திருத்தச் சொன்னார். எனக்கு வந்தது பாண்டியம்மாளின் தாள்.

கேள்வி: "ஒரு மாணவன் ஐந்து நாளில் தாமதமான நிமிடங்கள் 0, 0, 0, 0, 50. அவனைத் தேர்வு எழுத விடலாமா?"

அவள் எழுதியிருந்தாள்: "சராசரி பத்து. அது ஒரே நாளால் வந்தது. இடைநிலை அளவு பூஜ்யம். ஆகவே விடலாம். அன்று அவர் பரவை ஊர் ரோட்டில் என் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார்."

மூன்று முறை படித்து, பத்துக்கு ஒன்பது போட்டேன்.

"ஒண்ண ஏன்யா கொறச்ச?" என்றார் கண்ணுச்சாமி சார்.

"கடைசி வரி கேள்வியில இல்லாத தகவல் சார்."

"பொய்யா?"

நகத்திலிருந்த செயின் கறுப்பை மறைத்துக்கொண்டேன். "இல்ல சார்."

"சரி, நீ பரீட்சை எழுது. ஆனா ஒரு செயின் மாட்ட அம்பது நிமிசமாய்யா?"

தாளை வாங்கும்போது பாண்டியம்மாள் முணுமுணுத்தாள்: "நீங்க மாட்ட மாட்ட, கழட்டிவிட்டது நாந்தான்."