பூமியின் பிரதட்சிணம்

"நிறுத்து பிள்ளே, நிறுத்து! இது என்ன அக்கிரமம்?"

பள்ளிக்கூட மேனேஜர் சிவதாணு பிள்ளை போட்ட சத்தத்தில் பகவதியின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. சூரியன் எரிந்துகொண்டிருந்தது. பூமி பாதி வழியில் நின்றது.

சூரியன் என்றால் நாற்பது வாட் பல்பு. பூமி என்றால் நீலச் சாயம் பூசிய மர உருண்டை. ஆரியசாலையில் அப்பாவின் இரும்புக் கடையில் கழித்துப் போட்ட கம்பியையும் கப்பியையும் பொறுக்கி, கோடை விடுமுறை முழுக்க மாங்காய்கூடத் தின்னாமல் உட்கார்ந்து பகவதி செய்தது. கைப்பிடியைச் சுற்றினால் பூமி தானும் சுற்றும், சூரியனையும் சுற்றும். நாளை மறுநாள் பள்ளிக்கூடப் பொருட்காட்சி.

"என்ன சார் தப்பு?"

"எடப்பக்கமாட்டுல்லா சுத்துகு! பப்பநாபசாமிக்கு சீவேலி ஊர்வலம் எந்தப் பக்கமாட்டு வருகு? வலமாட்டு. எடஞ்சுத்துகது சுடுகாட்டுலயாக்கும். பூமாதேவி சூரிய பகவானை அப்பிரதட்சிணமாட்டு சுத்துவாளா?"

"பூமி அப்படித்தான் சார் சுத்துகு. வடதுருவத்துக்கு மேல நின்னு பாத்தா எடப்பக்கமாட்டுத்தான் தெரியும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகம் போட்டவன் கோயில் வாசலை மிதிச்சிருக்க மாட்டான். வலமாட்டு சுத்துச்சுன்னா ஹாலுல வை. இல்லேன்னா கடைக்கே கொண்டு போ, இரும்பு வெலைக்காவது போவும்."

'கொண்டே போறேன்' என்று சொல்ல பகவதி வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் நின்ற சிநேகிதி சூடாமணி முந்திக்கொண்டாள்.

"சரி சார். நாளன்னிக்கு நீங்க வந்து பாக்கறச்சே வலமாத்தான் சுத்தும். நான் பொறுப்பு."

அதையும் சொந்தக் குரலில் சொல்லவில்லை. லலிதாம்பாள் டீச்சர் மேனேஜரிடம் பேசும்போது வருமே ஒரு குழைவு, அச்சு அசல் அந்தக் குரல். சூடாமணிக்கு வராத குரல் கிடையாது. ஹெட்மிஸ்ட்ரஸ், பஸ் கண்டக்டர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் காக்கை எல்லாம் அந்த ஒரு தொண்டைக்குள் குடித்தனம் நடத்தின.

மேனேஜர் வாசல் தாண்டியதுதான் தாமதம்.

"எடஞ்சுத்துகது சுடுகாட்டுலயாக்கும்!" என்றாள் சூடாமணி, இல்லாத தொந்தியைத் தடவிக்கொண்டு. வகுப்பே உருண்டு சிரித்தது.

பகவதி சிரிக்கவில்லை.

"வெக்கமா இல்லியாட்டி உனக்கு? ஆளு போன பொறவு கேலி. ஆளு நிக்கையில 'சரி சார்'!"

"கோவிச்சுக்காதேடி. பொருட்காட்சியிலே வைக்கணுமா வேண்டாமா?"

"கப்பியில கயிறை மாத்திப் போட்டா வலமாட்டுத்தான் சுத்தும். ஆனா அது பூமி இல்ல."

"பின்னே என்னவாம்?"

"பொய். எல்லார் குரலும் வருகு உனக்கு. சொந்தக் குரலுன்னு ஒண்ணு உண்டாட்டி?"

சூடாமணி நீல உருண்டையை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். "மாடலை எங்கிட்ட விட்டுடு," என்று மட்டும் சொன்னாள்.

"எடுத்துக்கோ. எனக்கு வேண்டாம்."

பொருட்காட்சியன்று போகவே கூடாதென்று இருந்தாள் பகவதி. பெற்ற மனம் கேட்குமா? போனாள்.

ஹாலில் எந்த மேஜையிலும் மாடலைக் காணோம். எல்லோரும் கழுத்தை அண்ணாந்து நின்றார்கள். அவளும் அண்ணாந்தாள்.

ஹாலைப் பார்த்திருந்த மாடி வராந்தாவின் மரக்கிராதிக்கு வெளியே, அடிப்பலகை கழற்றப்பட்டு, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் மாடல். கிராதி இடுக்கு வழியாகக் கை நீட்டி சூடாமணி சுற்றிக்கொண்டிருந்தாள். சூரியன் எரிந்தது. பூமி நகர்ந்தது.

வலமாக.

மேனேஜர் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. "பூமின்னா இதாக்கும் பூமி! நான் சொல்லித்தான் மாத்தினாவ," என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். பகவதியைக் கண்டதும், "சொன்னா கேக்கணும் மக்களே. ஒண்ணாம் சம்மானம் உனக்குத்தான்," என்றார்.

பகவதிக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. சம்மானமாம், சம்மானம்! விறுவிறுவென்று மாடி ஏறினாள். அறுத்துக் கீழே போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

சூடாமணி தரையில் குப்புறப் படுத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பகவதி அவளைத் தாண்டிப் போய்க் கம்பியைப் பிடித்து, இழுக்கக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அவளுக்குக் கீழே பூமி சுற்றிக்கொண்டிருந்தது. இடமாக. அவள் செய்தபடியே. கப்பிக் கயிற்றில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"கயிறை... மாத்தலியாட்டி?"

"தொடவே இல்லை. நீதானே சொன்னே, மேலே நின்னு பாக்கணும்னு? கீழேர்ந்து பாத்தா அதுவே வலம். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற மாட்டார்."

"எங்கிட்ட முன்னாலேயே சொல்லப்பிடாதா?"

"சொல்லியிருந்தா நீ கீழே நின்னு சிரிச்சே காட்டிக் குடுத்திருப்பே. உன் மூஞ்சிக்குப் பொய் வராதே!"

கீழேயிருந்து மேனேஜரின் குரல் கேட்டது: "செரியாட்டு சுத்துகு பாத்தியளா!"

சூடாமணி இல்லாத தொந்தியைத் தரையில் அமுக்கிக்கொண்டு, அதே குரலில் கிசுகிசுத்தாள்: "பூமி எப்பவும் செரியாட்டுத்தான் சுத்துகு மக்களே. நான்தான் கீழ நிக்கேன்."

பகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்போது சூடாமணி, வேறு யாருடையதும் இல்லாத ஒரு குரலில் சொன்னாள்:

"காலம்பரலேர்ந்து சுத்தறேன், கை விட்டுப் போயிடுத்துடி. செத்த நீ பிடி. உன் பூமிதானே."