படத்தில் வராத ஆடு

இரண்டு மணி நேரம் இருபத்தொரு நிமிடம் ஓடிய படத்தில் ஆடு வரவே இல்லை.

விளக்குகள் எரிந்தபோது அக்ஷிதா பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஏனுங்க, நம்ம ஆட்டை எங்கீங்க காணோம்?" என்றான் கிருபாசங்கர்.

"வெட்டிப்போட்டாங்க போலிருக்குதுங்க."

"ஆட்டைக் கண்டா விடுவாங்களா" என்று சிரித்தபடி எழுந்தான்.

அந்த ஆடு, படத்துக்கு மூலமான நாவலில் இருக்கிறதா என்பது அவளுக்கே தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் தினமும் இருவருக்கும் ஒரே பஸ். அவள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கு, அவன் பம்ப்செட் கம்பெனிக்கு. மூன்று மாதத்துக்கு முன் அவள் மடியில் கிடந்த தடித்த ஆங்கில நாவலைப் பார்த்துவிட்டுப் பின் சீட்டிலிருந்து கதை கேட்டான்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஜெயிப்பவர்களுக்கு மட்டுமே குடிதண்ணீர் கிடைக்கும் ஒரு நகரம். அதை விளையாடியே தன் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு பெண்.

யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அக்ஷிதா, உக்கடம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது அவன் கேட்டான், "அப்புறமுங்க?"

அறுபதாம் பக்கத்தோடு அவளுக்கு நாவல் சலித்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால், மறுநாள் காலையில் அவனோடு பேச ஒன்றும் இருந்திருக்காது.

எனவே அறுபத்தொன்றிலிருந்து அவளே சொன்னாள்.

வழியில் கிணத்துக்கடவில் பஸ்ஸை மறித்து நின்ற ஒரு ஆடு, அன்றைக்கே அவள் கதையில் விளையாட்டின் ஏழாம் கட்டத்தில் போய் நின்றுகொண்டது. அதை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. இளநீர் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். அவரிடம் இளநீர் வாங்கிக் குடித்தால் ஒரு உயிர் கூடும்.

படத்தில் அவரும் இல்லை.

வெளியே வந்தால், வாசலிலேயே ஒரு புத்தகக் கடை. அட்டையில் பட நாயகியின் முகத்தோடு அதே நாவல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. கிருபாசங்கர் நேராக அங்கே போனான்.

கடைசிச் சில பக்கங்களைப் படித்தால் போதும், அவள் கட்டிச் சொன்னது தெரிந்துவிடும். திங்கட்கிழமை அவன் வேறு பஸ்ஸில் போவான்.

"படத்துல அந்தப் பொண்ணு நகத்துக்குப் பாலிஷ் போட்டிருக்குறாளுங்க" என்றான், ஒரு பிரதியைக் கையில் எடுத்தபடி. "கதையில ஆடி ஆடிக் கட்டைவிரல் ரேகையே தேஞ்சு போயிருக்குமில்லீங்க? கதைதான் நல்லாருக்குது."

கட்டைவிரலைப் பற்றிச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம். மூன்று மாதத்தில் எத்தனையோ சொல்லியாகிவிட்டது.

அவன் பின்பக்கம் திருப்பிப் புரட்டினான்.

"அதை வாங்காதீங்க."

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. கடைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

கிருபாசங்கர் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான். மேலிருந்த பிரதியை நேராக்கினான். அதன் கீழிருந்ததையும் நேராக்கினான். அவன் காது சிவந்திருந்தது.

"வாங்கலீங்க. ஆனா அந்த ஆடு கடைசியில என்னாச்சுன்னு, திங்கக்கிழமை நீங்க சொல்லிப்போடோணும்."

அவள் தலையசைத்தாள்.

"புஸ்தகத்துல அது இல்லீங்க" என்றான், அட்டையைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டாவது வாரமே வாங்கிப் படிச்சுப்போட்டனுங்க."