அவர் பங்குக் கீரை

தண்டுக்கீரையை வேரோடு பிடுங்கிக் கோணிக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். இது மூன்றாவது கோணி.

பாத்தியில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

காலையில்தான் மருமகள் போன் செய்தாள். பேத்தியின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்று டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. சுவர்ப் பெயிண்ட், பொம்மை, குழாய்த் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எல்லாம் சுத்தம். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று என் தோட்டத்து மண்ணில் ஒரு டப்பா அள்ளிப் போனார்கள்.

மண்ணில்தான் இருந்ததாம். இருக்கலாம் என்கிற அளவைவிடப் பத்து மடங்கு.

இனிமேல் ஒரு இலைகூடக் குழந்தைக்கு வேண்டாம் அத்தை என்றாள். குரலில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

முப்பது வருஷத் தோட்டம். கீரை, வெண்டை, தக்காளி, ஓரத்தில் புதினா. மருந்து என்று ஒரு சொட்டு அடித்ததில்லை. புழுவைக் கையால் பொறுக்கினேன். கடையில் கீரை வாங்குகிறவர்களைப் பார்த்து, காசு கொடுத்து விஷம் வாங்குகிறார்கள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்ட வாய் இது.

மகன் இதைத் தின்றுதான் வளர்ந்தான். ஆள் நன்றாகத்தான் வளர்ந்தான். படிப்பு மட்டும் ஏறவில்லை. எட்டாம் வாய்ப்பாடு வருவதற்குள் அவன் அப்பா அவன் முதுகில் இரண்டு மர ஸ்கேலை உடைத்துவிட்டார். இப்போது வேன் ஓட்டுகிறான்.

பேத்திக்கு நாலு வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் பகலெல்லாம் என்னிடம்தான் இருப்பாள். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச அவளுக்கு இன்னும் வரவில்லை. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள், மெதுவாக வரும் என்று எல்லோருக்கும் சமாதானம் சொன்னதும் நான்தான். ஈயம் சின்ன வயதில் உடம்பில் சேர்ந்தால் முதலில் மூளையைத்தான் தொடுமாம். அவள் அப்பாவையும் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இந்த வீட்டில் என் கீரைக்கு மசியாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். பிடிக்காது என்பார், அவ்வளவுதான். வெண்டைக்காய் செய்தாலும் திடீரென்று வயிறு சரியில்லாமல் போய்விடும். அறுபத்தைந்து வயதுக் குழந்தை என்று நானும் மகனும் கேலி செய்வோம். ஆனால் போன வருஷம் சம்பந்தி வீட்டில், கடையில் வாங்கிச் சமைத்த கீரையை இரண்டு தடவை கேட்டுப் போட்டுக்கொண்டார். எல்லோர் எதிரிலும் எனக்கு முகம் செத்துப்போனது. என் கைப்பக்குவம்தான் ஆகவில்லை என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவர் இப்போது பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பிடுங்க ஆரம்பித்ததிலிருந்து அங்கேயேதான் இருந்தார். ஒரு கை கொடுங்கள் என்றதற்கு முட்டியைத் தடவிக் காட்டினார்.

மண்ணையும் ஒரு அடி தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன்.

டங்கென்றது.

கல் என்று நினைத்துக் குனிந்தேன். கருப்பாக ஒரு ஓடு. தடித்த பிளாஸ்டிக், உள்ளே அறை அறையாகத் தடுப்பு. அதற்குக் கீழே இன்னொன்று. இடையில் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாகக் கசடு.

வேறு யாராவது எடுத்திருந்தால் என்னவென்று தெரிந்திருக்காது. நான் பேட்டரிக் கடைக்காரர் பெண்டாட்டி. கடையை விற்றுப் பத்து வருஷம் ஆகிவிட்டதால் அந்த ஞாபகமே யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஓட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன்.

"நீ புள்ளையோட உங்கம்மா வீட்ல இருந்தப்ப கடைக்கு இடம் அமையல. அஞ்சு மாசம் பழைய பேட்டரிய இங்கதான் உடைச்சு ஈயம் காய்ச்சினேன்."

பிறகு, ஏதோ தப்பு முழுக்க என்னுடையது மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அப்பவே செடிய தொட்டியில வைன்னு சொன்னேன்ல?"

சொன்னார். இல்லை என்று சொல்லமாட்டேன். கைக்குழந்தையோடு நான் திரும்பி வந்து முதல் பாத்தி கட்டிய அன்றைக்கு, ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்காக மண் கொத்த உடம்பு வளையவில்லை, அதற்குத்தான் தொட்டி என்கிறார் என்று சிரித்தேன். அன்றைக்கு மூடிய வாயை அவர் அப்புறம் திறக்கவே இல்லை.

அந்த ஓட்டை எடுத்து அவர் மண்டையில் போட்டிருக்கலாம். போடவில்லை. திரும்பிப் போய் மிச்சக் கீரையைப் பிடுங்கினேன்.

சாப்பிட உட்காரும்போது அவருக்கும் ஒரு கிண்ணம் கீரை வைத்துவிடுவேன். என்றைக்காவது மனசு மாறாதா என்று ஒரு வீம்பு. அவர் தொடாமல் ஓரமாக நகர்த்தி வைப்பார். பாடுபட்டு வளர்த்ததை வீணாக்க எனக்கு மனசு வராது. அவர் பங்கையும் எடுத்துப் பிள்ளை தட்டில் போட்டுவிடுவேன். அப்போது மகன் தட்டில். இப்போது பேத்தி தட்டில்.

அவர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்.